அடியும் அடிக்காப்பும்: குருநகர்க் கரையிலிருந்து ஆனையிறவுத் தெருவரை

தமிழில் 'அடி' என்பது பல பொருள் ஒரு சொல். ஒரு பொருளின் கீழ்ப்பாகம் அடி எனப்படும். அப்பொருளின் மேல் வந்து விழும் தாக்குதலும் அடி எனப்படும். நிலத்தை மிதித்துச் செல்லும் பாதமும் அடியே. இம்மூன்று பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியமை தற்செயலாக இருக்கலாம். எனினும் ஊர்திகளின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அஃது ஓர் உண்மையை உணர்த்தும். தரையில் ஊர்வதாயினும் நீரில் மிதப்பதாயினும், ஓர் ஊர்திக்கு முதலடி விழுமிடம் அதன் அடியே. ஆதலின் அடியைக் காக்கும் முயற்சி ஊர்தி தோன்றிய காலத்திலேயே தொடங்கிவிட்டது.

வரலாற்று நூல்கள் கப்பலின் பாயையும் கொடியையும் பேசும். தேரின் முடியையும் சிற்பத்தையும் பேசும். மோட்டார் வாகனத்தின் வேகத்தையும் விலையையும் பேசும். அடியில் அடிக்கப்பட்ட தகட்டைப் பற்றிப் பேசுவன மிகச் சிலவே. அது கண்ணிற் படாத உறுப்பு என்பது ஒரு காரணம். அதைச் செய்தோர் பெயர் பொறிக்கப்படாத கொல்லரும் ஓடாவிகளும் கராச் தொழிலாளரும் என்பது மற்றொரு காரணம். கரடுமுரடான நிலத்திற் செல்லும் லொறிக்கும் ஜீப்புக்கும் கைவேலையாக உருக்குத் தகடு பொருத்தும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதன் முன்னோடிகளைக் கடலிலும் தரையிலும் தேடி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றோடு அதனைப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குருநகர்க் கரை இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலைக்களனாக அமைகின்றது. ஆழங் குறைந்த கடலும் அடிதட்டும் படகும் அன்றாட அநுபவமாக உள்ள ஊர் அது.

லாடமும் பட்டமும்

அடிக்காப்பின் மிகப் பழைய வடிவத்தைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கிராமங்களில் வண்டி மாட்டுக்கு அடிக்கப்பட்ட லாடமே அது. குதிரைக்கு ஒரு குளம்பிற்கு ஒரு லாடம் போதும். மாட்டின் குளம்பு பிளவுபட்டதாதலின் ஒரு குளம்பிற்கு இரண்டு தகடுகள் வேண்டும். ஒரு மாட்டிற்கு மொத்தம் எட்டு. மாட்டைக் கயிற்றாற் கட்டிச் சாய்த்து, குளம்பைச் சீவி, உணர்ச்சியற்ற ஓரப் பகுதியில் மட்டும் ஆணி செல்லுமாறு சாய்த்து அடிப்பது கைதேர்ந்தவர்க்கே இயலும். ஆணி சற்று உள்நோக்கிச் சென்றால் மாடு நொண்டும். காக்க வந்த இரும்பே காயப்படுத்தும் என்னும் பாடம் இங்கேயே தொடங்குகின்றது.

மாட்டிற்கு லாடம் போன்றதே வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம். கம்மாலையில் வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி, மரச்சில்லின்மேல் ஏற்றி, உடனே நீரூற்றுவர். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சில்லு தேய்வதில்லை, ஆனால் தெரு தேய்கின்றது. இரும்புப் பட்டம் பூண்ட குறுகிய சில்லுகள் வீதிகளை உழுதுவிட்டமையாலேயே, 1753இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் பாரவண்டிகளின் சில்லுகள் 9 அங்குல அகலமேனும் இருத்தல் வேண்டுமென ஒரு சட்டம் இயற்றியது. வண்டிக்காரன் தன் சில்லைக் காக்க இரும்பு பூட்டினான். அரசு தெருவைக் காக்கச் சட்டம் இயற்றியது. அடி இல்லாமற் போகவில்லை. சில்லிலிருந்து தெருவிற்கு இடம் மாறியது. இவ்விடமாற்றத்தை இக்கட்டுரை நெடுகிலும் நாம் காண்போம்.

கடலின் அடி

தரையிற் செல்லும் ஊர்திக்குக் கல்லும் முட்டும் பகை. கடலிற் செல்லும் மரக்கலத்திற்குப் பாரும் மணற்றிட்டும் மட்டுமன்றி, மரத்தைத் துளைத்து உண்ணும் கப்பற்புழுவும் பகை. வெளியே ஊசிமுனையளவு துளை. உள்ளே மரம் முழுவதும் தேனடைபோற் குடையப்பட்டிருக்கும். சைப்பிரசுத் தீவின் கைரீனியாக் கரைக்கப்பால் 1960களிற் கண்டெடுக்கப்பட்ட பண்டைக் கிரேக்க வணிகக் கலம், கிறித்துவுக்கு முற்பட்ட நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதன் அடி மெல்லிய ஈயத் தகட்டாற் போர்த்தப்பட்டிருந்தது. இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அடித்தகடு வழக்கில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இந்து சமுத்திரத்து மரக்கலங்கள் உலோகத்தைக் காட்டிலும் பூச்சையே பெரிதும் நம்பின. சுண்ணாம்போடு எண்ணெயும் கொழுப்பும் கலந்து அடியிற் பூசுதலும், காலத்துக்குக் காலம் கலத்தைக் கரையேற்றிச் சுரண்டி மீண்டும் பூசுதலும் அவற்றின் முறை. பலகை இடுக்குகளில் நாரும் பஞ்சும் செறிக்கும் தொழிலுக்குக் 'கலப்பற்று' என்னும் சொல் தமிழில் வழங்குகின்றது. போர்த்துக்கேய மொழித் தொடர்பால் வந்த சொல் அது. கப்பற்றச்சருக்கு 'ஓடாவி' என்ற பெயர் நம்மிடையே இன்றும் உயிரோடு உள்ளது. இவ்வோடாவிகளின் திறமைக்குக் குடாநாட்டின் வடகரையிலேயே சான்றுண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். அக்கப்பல் 1937இல் புறப்பட்டு, 1938இல் அத்திலாந்திக்கு சமுத்திரத்தையும் கடந்து மசச்சூசெற்சு மாநிலத்தின் குளோசுரர் துறையை அடைந்தது.

உலோகக் காப்பின் வரலாற்றில் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடி முழுவதையும் செப்புத் தகட்டாற் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763இல் அதனைச் சோதித்தபோது, செம்பு நன்றாகவே இருந்தது, புழு அணுகவில்லை, பாசியும் சிப்பியும் பற்றவில்லை. ஆனால் தகட்டோடு தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டு உருக்குலைந்திருந்தன. செப்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தவறுதலாக நீக்கப்படாது எஞ்சியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு பழுதின்றி இருந்தது. உவர்நீரில் இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொள்ளின் ஒன்று மற்றொன்றை அரிக்கும் என்னும் விதி அக்காலத்தவர்க்குத் தெளிவாகப் புலப்படவில்லை. அநுபவமே அதனைக் கற்பித்தது.

இவ்விதியை அறிந்த பின்னும் சிக்கல் தீரவில்லை. 1824இல் ஹம்பிறி டேவி என்னும் இரசாயன அறிஞர் செம்பைக் காக்கும்பொருட்டு அதன்மேல் சிறு இரும்புத் துண்டுகளையும் நாகத் துண்டுகளையும் பொருத்தினார். செம்பு அரிக்கப்படாமல் நின்றது. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருந்தமையாலேயே பாசியும் சிப்பியும் அதை அணுகாதிருந்தன; கரைவது நின்றதும் அவை வந்து பற்றிக்கொண்டன; கப்பலின் வேகம் குறைந்தது. ஒரு தீங்கை அடைத்தால் மற்றொரு வாயில் திறக்கும் என்பதற்கு டேவியின் முயற்சி சிறந்த எடுத்துக்காட்டு.

குருநகர்க் கரை

யாழ்ப்பாண நகரின் தென்கரையில், கடனீரேரியை நோக்கி அமைந்த குருநகர், முன்னாளிற் கரையூர் என வழங்கியது. புனித யாகப்பர் ஆலயத்தைச் சூழ வாழும் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் சமுதாயம் இவ்வூரின் உயிர்நாடி. எதிரே மண்டைதீவு, மேற்கே பண்ணைப் பாலம். இடையிலுள்ள கடல் பரப்பாற் பெரிது, ஆழத்தாற் சிறிது. பல இடங்களில் ஆளிறங்கி நடக்கலாம், களங்கண்ணி நாட்டலாம். இத்தகைய கடலில் படகின் அடி எந்நாளும் தரையோடு உறவாடும். வற்றில் மணலில் தட்டும், கரையேற்றும்போது சல்லியிற் தேயும், பாரில் உரசும். ஏராவின் அடியில் ஓர் இரும்புப் பட்டையோ மாற்றத்தக்க ஒரு மரக்கட்டையோ பொருத்துவது இத்தகைய கரைகளில் பயிலும் எளிய அறிவு. தேயவேண்டியது ஏராவன்று, அக்கட்டையே. தேய்ந்ததும் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்தலாம். ஒரு மலிவான உறுப்பைப் பலிகொடுத்து ஒரு பெறுமதியான உறுப்பைக் காக்கும் இக்கோட்பாடே பின்னாளில் லொறிகளின் அடித்தகட்டுக்கும் அடிப்படையாயிற்று.

1958இல் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகள் இலங்கைக் கடற்றொழிலிற் புகுந்தன. அடிக்காப்பின் தேவை அப்போது இருமடங்காயிற்று. பாய்த்தோணிக்கு அடியிற் பலகை மட்டுமே; இயந்திரப் படகுக்கோ சுழலியும் அதன் தண்டும் சுக்கானும் அடியிலே நிற்கின்றன. ஆழங் குறைந்த இடத்தில் ஒரு கல் போதும், ஒரு நாட் தொழில் நின்றுவிடும். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு உதவியோடு தொடங்கிய சீ-நோர் நிறுவனம் காரைநகரில் கண்ணாடிநார்ப் படகுகளைக் கட்டியது. கண்ணாடிநாரைப் புழு தின்னாது, உப்பு அரிக்காது. ஆனால் மணலிலும் சல்லியிலும் இழுத்தால் அதன் மேற்பூச்சுத் தேயும்; உள்ளிருக்கும் நார் வெளிப்படும்; நாரினூடே நீர் ஊறும். அதனால் நார்த்துணியும் பசையும் கொண்டு அடியைத் தடிப்பாக்கும் கைவேலை ஓடாவியின் உளியைத் தொடர்ந்து வந்தது. புழுவிடமிருந்து தப்பிய அடி மணலிடம் அகப்பட்டது.

மோட்டார் வாகனமும் தகடும்

இனித் தரைக்கு வருவோம். மோட்டார் வாகனத்தின் அடியில் அதன் உயிர்நிலைகள் பல திறந்தே கிடக்கின்றன. இயந்திர எண்ணெய் தங்கும் 'சம்ப்', கியர்ப்பெட்டி, அச்சுகளுக்குச் சக்தி செலுத்தும் தண்டுகள், எரிபொருட் தாங்கி, தடுப்புக் குழாய்கள் என்பன அவை. சம்ப் மெல்லிய தகட்டினாலோ வார்ப்பு அலுமினியத்தினாலோ ஆனது. ஒரு கூர்ங்கல் அதைப் பிளந்தால் எண்ணெய் வடிந்து சில நிமிடங்களில் இயந்திரம் இறுகிவிடும். சீரான தார்வீதியில் இவ்வச்சம் இல்லை. வீதியை விட்டு விலகிய கணத்தில் அச்சம் தொடங்குகின்றது.

இரண்டாம் உலகப்போரில், 1941 முதல் அமெரிக்கப் படைக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வில்லிசு ஜீப்பின் கியர்ப்பெட்டியின் கீழ் ஓர் உருக்குத் தகடு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. போர் முடிந்தபின் 1948இல் வெளிவந்த லாண்ட் றோவர் வேறொரு வகையில் நோக்கத்தக்கது. பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடலுக்கு அலுமினியக் கலப்புத் தகடும், அடிச்சட்டத்திற்கு மட்டும் உருக்கும் பயன்படுத்தினர். மழையும் சேறும் படும் இடங்களில் இவ்விரண்டும் தொட்டுக்கொண்ட மூட்டுகள் அரிக்கப்பட்டன. 'அலாம்' கப்பல் 1763இற் கற்பித்த பாடம் இருநூறு ஆண்டுகளின் பின் தரையில் மறுபடியும் ஒப்புவிக்கப்பட்டது.

தொழிற்சாலைத் தகடு போதாதபோது உரிமையாளர் கராச்சை நாடுவர். அங்கு நிகழும் வேலை எளிதுபோற் தோன்றும், ஆனால் நுட்பமானது. முதலில் தடித்த மட்டையை வாகனத்தின் கீழ்ப் பிடித்து அச்சு எடுப்பர். அதனை உருக்குத் தகட்டில் வரைந்து வெட்டி, முன்விளிம்பை மேல்நோக்கி வளைப்பர். வளைக்காவிடின் கல் அவ்விளிம்பிற் கொளுவிக்கொள்ளும், வாகனம் அதன்மேல் வழுக்கிச் செல்லாது. ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு சதுரமீற்றருக்கு ஏறத்தாழ 39 கிலோகிராம் நிறை கொள்ளும். அதே தடிப்புள்ள அலுமினியம் ஏறத்தாழ 13½ கிலோகிராமே. அலுமினியம் இலேசானது, ஆனால் கல்லின்மேல் உரசும்போது விரைவிற் சிராய்ந்து தேயும். உருக்கு வழுக்கும், நெளிந்தால் சுத்தியலால் நிமிர்த்தலாம், எந்தக் கராச்சிலும் ஒட்டலாம். தகட்டின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும், நிறையோ இருமடங்காகும். ஆதலின் தேர்ந்த தொழிலாளி தடிப்பைக் கூட்டாமல், தகட்டில் நீளவாக்கில் ஒரு மடிப்பு இடுவார்; மடிப்பு நிறையின்றி விறைப்புத் தரும்.

தகட்டை எதிற் பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. அடிச்சட்டத்தில் பொருத்தினால் அடி சட்டத்திற்குச் செல்லும். சட்டம் அதைத் தாங்க வல்லது. நேரே இயந்திரத்திலோ கியர்ப்பெட்டியிலோ பொருத்தினால் தகடு வாங்கிய அடி முழுவதும் அது காக்க வந்த உறுப்பிற்கே போய்ச் சேரும். ஒட்டிவிடாமல் ஆணித்திருகால் பொருத்துவதே முறை. எண்ணெய் மாற்றவும் பழுது பார்க்கவும் கழற்ற வேண்டியிருக்கும். சம்ப்புக்கும் தகட்டுக்கும் இடையில் வெளி விடல் வேண்டும். தகடு நெளிந்தாலும் சம்ப்பைத் தொடலாகாது. இறுதியாக, சேறும் நீரும் வடியத் துளைகள் இடல் வேண்டும். துளையற்ற தகடு ஒரு தட்டுப்போல் உவர்ச்சேற்றை ஏந்திக்கொண்டு, மேலேயுள்ள அடிச்சட்டத்தை நாட்கணக்கில் அரிக்கும். தகட்டின்மேல் படியும் எண்ணெயும் சருகும் சூடான புகைக்குழாயருகே தீப்பற்றவுங்கூடும். இவ்விதிகள் யாவும் ஒரே வினாவின் விடைகள்: விழுகின்ற அடியை எங்கே அனுப்புவது?

தட்டுப்பாட்டுக் காலம்

கைவேலையின் அருமை வளம் நிறைந்த காலத்திற் தெரிவதில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்கு எரிபொருளும் பற்றறியும் இரும்புப் பொருள்களும் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மீண்டும் தெருவில் உயிர்பெற்றன. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெயால் ஓட்டிய அக்கால வழக்கத்தைப் பலர் நேரிற் கண்டுள்ளனர். புதிய கார்களின் நுட்பமான இயந்திரங்கள் இதற்கு இணங்கவில்லை. பழைய கார்களின் எளிய அமைப்பே இதற்கு இடங்கொடுத்தது. ஒவ்வோர் இரும்புத் துண்டும் இரண்டாம் முறை பயன்பட்ட காலம் அது.

ஆனையிறவு வீதி மூடப்பட்டபின் மக்கள் கொம்படி, ஊரியான் பாதையைப் பயன்படுத்தினர். அது பாதை எனப் பெயர் பெற்றதே அன்றி வீதியன்று. கடனீரேரியின் சேறும் உவர்நீரும் கலந்த வெளி. சைக்கிளைத் தோளிற் சுமந்தோரும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியோரும், நோயாளரைத் தாங்கிச் சென்றோரும் அவ்வழியே நடந்தனர். பின்னர் அவ்வழியும் அடைபட, கிளாலிக் கடலினூடே இரவிற் படகேறினர். 1993 சனவரியில் அக்கடலிற் பயணிகள் கொல்லப்பட்டமையை வரலாறு பதிந்துள்ளது. வீதி உள்ள சமுதாயத்தில் வீதியை விட்டு விலகிச் செல்வது பொழுதுபோக்கு. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அடித்தகடு பொருத்திய ஊர்திகள் விடுமுறை நாளிற் பாறையேறுகின்றன. வீதி மறுக்கப்பட்ட சமுதாயத்தில் அதுவே வாழ்க்கைப் பாதை. சேற்றிற் கால் வைத்தவருக்கு அடிக்காப்பு வெறும் பாதமே.

இதே ஆண்டுகளில் கைவேலை உருக்கு மற்றொரு வடிவமும் எடுத்தது. 1991 யூலையில் ஆனையிறவுப் படைமுகாம் மீதான தாக்குதலில், விடுதலைப் புலிகள் நிலஞ்சமன் செய்யும் புல்டோசர் ஒன்றை உருக்குத் தகடுகளால் மூடிக் கவசவூர்தியாக்கி முன்செலுத்தினர். முன்னும் பக்கமும் சன்னங்கள் துளைக்கவில்லை. படைவீரர் காமினி குலரத்ன அதன் ஏணியிற் தொற்றி ஏறிக் கைக்குண்டுகளை உட்செலுத்தி, தாமும் உயிரிழந்து, அதனை நிறுத்தினார்; அவருக்குப் பரம வீர விபூசணய என்னும் உயர் விருது வழங்கப்பட்டது. அச்சமரில் இருபக்கத்திலும் பெருந்தொகையானோர் மடிந்தனர். அந்த ஊர்தி ஆனையிறவு வீதியோரத்தில் நினைவுப் பொருளாக வைக்கப்பட்டது. கைவினை வரலாற்றை ஆராய்வோர் அதிற் காண்பது ஒன்றுண்டு: தகட்டின் வலிமை தகட்டில் இல்லை, தகடு மூடாது விட்ட இடத்தில் உள்ளது.

கண்ணிவெடியும் சாய்தகடும்

அடியின் வரலாறு இந்நாட்டின் அரசியல் வரலாற்றோடு நேரே மோதிய நாள் 1983 யூலை 23. அன்றிரவு திருநெல்வேலியில் தெருவிற் புதைக்கப்பட்ட கண்ணிவெடி இராணுவச் சுற்றுக்காவல் ஜீப்பின் கீழ் வெடித்தது. அத்தாக்குதலில் 13 படையினர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்திற் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், தென்னிலங்கையில் தமிழர்மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்செயலும் யாவரும் அறிந்தனவே. சாதாரண ஜீப்பின் அடித்தகடு கல்லை எதிர்நோக்கியது, வெடியை எதிர்நோக்கவில்லை.

ஆபிரிக்காவின் தென்பகுதியில் இவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சி ஏற்கெனவே நிகழ்ந்திருந்தது. 1970களில் றொடீசியாவில் முதலில் வாகனத் தளத்தில் மணல்மூட்டை அடுக்கினர். டயர்களில் நீர் நிரப்பினர். பின்னர் அடியை ஆங்கில 'வி' எழுத்துப்போற் சாய்த்துக் கட்டினர். தட்டையான தகடு வெடியின் விசையை முழுமையாக வாங்கி உள்ளிருப்பவரின் கால்களுக்கும் முதுகெலும்புக்கும் கடத்தும். பொருத்து வலுவற்றதாயின் தகடே பிய்ந்து மேலெழுந்து கொல்லும். சாய்ந்த தகடு விசையை இருபுறமும் ஒதுக்கிவிடும். அடி நிலத்திலிருந்து உயர்ந்து நிற்பின் விசை மேலும் குறையும். தென்னாபிரிக்காவின் 'பவல்' ஊர்தி இக்கோட்பாட்டில் அமைந்தது. இலங்கை இராணுவம் 1980களில் அவற்றை வாங்கியது. பின்னர் அவற்றைப் பின்பற்றி 'யுனிகோர்ன்', 'யுனிபவல்' என்பவற்றை இராணுவத்தின் மின்பொறி இயந்திரப் பிரிவே உள்நாட்டிற் கட்டியது. உயர்ந்து நின்றமையால் இவ்வகை ஊர்திகள் வளைவுகளிற் கவிழும் இயல்புடையவை. அடியிலிருந்து தப்பிய தீங்கு முடியில் வந்து நின்றது.

இங்கு ஒரு கேள்வி எழாமற் போகாது: காப்பு யாருக்கு? படைக்குச் சாய்தகடு கிடைத்தது. இயக்கத்திற்குப் புல்டோசர்க் கவசம் கிடைத்தது. பேருந்திற் சென்ற மக்களுக்கு ஒன்றுமில்லை. 2006 யூன் 15இல் கெப்பித்திகொல்லாவையில் பேருந்தொன்று தாக்கப்பட்டு 60 பேருக்கு மேல் மாண்டனர். 2008 சனவரி 29இல் மடுப் பகுதியிற் பேருந்தொன்று தாக்கப்பட்டுப் பாடசாலை மாணவர் உட்படப் பலர் மாண்டனர். முன்னையதிற் பெரும்பாலும் சிங்கள மக்கள். பின்னையதிற் தமிழ்ப் பிள்ளைகள். குருநகர் மக்கள் இக்கேள்வியை அதற்கு முன்பே எதிர்கொண்டனர். 1986 யூன் 10இல் மண்டைதீவுக் கடலிற் தொழிலுக்குச் சென்ற அவ்வூர்த் தொழிலாளர் முப்பதின்மருக்கு மேல் கொல்லப்பட்டனர். அவர்தம் படகின் அடி கடலைத் தாங்கக் கட்டப்பட்டது. மனிதரைத் தாங்கக் கட்டப்பட்டதன்று.

போர் 2009 மேயில் முடிந்தது. உருக்குத் தகடு வேறொரு பணிக்குத் திரும்பியது. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் சாதாரண மண்ணள்ளும் பொறிகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் கவசத்தகடும் தடித்த கண்ணாடியும் பொருத்தி, வன்னியிலும் குடாநாட்டிலும் நிலத்தைத் துப்புரவு செய்தன. 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. கொல்லும் நிலத்திற் செல்வதற்காகப் பிறந்த தகடு, நிலம் கொல்லாதிருக்கச் செய்யும் தகடாயிற்று. இக்கட்டுரையிற் குறித்த எல்லாத் தகடுகளிலும் அடியைப் பிறருக்கு மாற்றிவிடாதது இஃதொன்றே.

இழுவைப் பலகையின் இரும்பு

மீண்டும் குருநகர்க் கரைக்கு வருவோம். இழுவைப் படகின் மடியை விரித்துப் பிடிப்பதற்கு இருபுறமும் இரண்டு கனத்த பலகைகள் உண்டு. அவை கடலடியில் நிமிர்ந்து நின்று இழுபட்டுச் செல்லும். மணலிலும் சேற்றிலும் தேயாதிருக்க ஒவ்வொரு பலகையின் கீழ்விளிம்பிலும் தடித்த இரும்புப் பட்டை பொருத்தப்படும். மாட்டின் லாடமும் வண்டிச் சில்லின் பட்டமும் ஏராவின் பட்டையும் ஜீப்பின் தகடும் செய்யும் அதே வேலையை இதுவும் செய்கின்றது. பலகை தேயவில்லை. ஆனால் கடலடி உழப்படுகின்றது. கடற்புல் வேரோடு பெயர்கின்றது. குஞ்சும் முட்டையும் அழிகின்றன. சிறுதொழிலாளரின் வலைகள் அறுபடுகின்றன.

1960களிலிருந்து பாக்கு நீரிணையில் இழுவைப்படகுகள் பெருகின. தமிழகக் கரையிலிருந்து வரும் படகுகளால் வடபகுதித் தொழிலாளர் படும் துன்பம் பெரிதும் பேசப்படுகின்றது, பேசப்படவேண்டியதே. ஆனால் குருநகரிலும் இழுவைப்படகுகள் உண்டு. அவற்றை நம்பி வாழும் குடும்பங்களும் உண்டு. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல், கடற்றொழிற் சட்டத்திற்கு 11ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம், கடலடி இழுவையை முற்றாகத் தடை செய்தது. இதனால் ஒரே கரையில் இருவகைத் தொழிலாளர் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. ஒருவரின் கடன்பட்ட மூலதனம் பலகையோடு கட்டுண்டு கிடக்கின்றது; மற்றவரின் நாளைய மீன் கடலடியில் கிடக்கின்றது. 1753இல் இங்கிலாந்து தெருவைக் காக்கச் சில்லின்மேற் சட்டம் இயற்றியதும், 2017இல் இலங்கை கடலடியைக் காக்க இழுவையின்மேற் சட்டம் இயற்றியதும் ஒரே வகைச் செயல்கள். இரண்டிலும் அரசு, இரும்புக்கு மேலே இருப்பவரை விட்டு இரும்புக்குக் கீழே இருப்பதை நோக்கியது. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. சில்லை அகலமாக்கிய வண்டிக்காரன் மறுநாளும் வண்டியோட்டினான். பலகையைக் கைவிடும் தொழிலாளிக்கு மாற்றுத் தொழிலும் முதலும் கிடையாவிடின், கடலடியிலிருந்து நீங்கிய அடி அவன் வயிற்றில் விழும்.

முடிவுரை

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். நகராமல் நிற்க வேண்டுமாயின் அம்மிக்கும் அடியில் ஓர் அணை வேண்டும். ஈயம், சுண்ணாம்பு, செம்பு, கண்ணாடிநார், உருக்கு என அணை மாறி மாறி வந்துள்ளது. ஒவ்வொன்றும் தான் எதிர்நோக்கிய பகையை வென்றது. எதிர்நோக்காத பகையிடம் தோற்றது. செம்பு புழுவை வென்று ஆணியை இழந்தது. கண்ணாடிநார் புழுவை வென்று மணலிடம் தோற்றது. சாய்தகடு வெடியை ஒதுக்கிச் சமநிலையை இழந்தது. இஃது ஆக்கியோரின் அறியாமையன்று. விழும் அடி அழிவதில்லை, திசை மாறும். மாறிய திசையில் யார் நிற்கின்றனர் என்று கேட்பது வரலாற்றின் கடமை.

இக்கடமையைச் செய்வதற்குரிய சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. ஓடாவியின் கையிலும், கராச்சில் மட்டையை வெட்டி அச்செடுக்கும் தொழிலாளியின் கண்ணளவிலும், ஏரா, கலப்பற்று, பட்டம், லாடம் என்னும் சொற்களிலும் அவை உள்ளன. மரப்படகு மறைய ஓடாவியின் சொல் மறைகின்றது. மண்ணெண்ணெய்க் கார் மறைய அக்காலக் கராச்சின் அறிவு மறைகின்றது. அரசர் பெயரும் ஆட்சியாண்டும் மனனஞ் செய்யும் நாம், நம் பல்கலைக்கழகத்துக்கு மிக அணித்தேயுள்ள கரைகளுக்கும் பட்டறைகளுக்கும் சென்று, கைவினையாளர் வாய்மொழியை அவர்தம் சொற்களிலேயே எழுதிவைப்போமாயின், மேற்பக்கத்தை மட்டும் எழுதிய வரலாற்றுக்கு ஓர் அடிப்பக்கமும் கிடைக்கும். அப்பணியை இன்றே தொடங்குதல் நன்று. அச்சொற்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.